மருமகனோடு சைக்கிளில் நாலு நாள்

எங்கள் ஆறு பேரையும் ஊரில் ‘ஒரு சஹன் ஆட்கள்’ என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீட்டில் பெரிய தட்டில் சோற்றைப் போட்டு, அதைச் சுற்றி ஆறு பேர் குந்தி ஒன்றாகச் சாப்பிடுவோமே, அந்தச் சஹன். எந்தக் கல்யாணத்திலும் நாங்கள் ஒரே சஹனில்தான் இருப்போம். வேறு யாராவது இடையில் வந்து உட்கார்ந்தால், எங்களில் ஒருவனான லொறிக்காரன் ‘இது புக்கிங் ஆயிட்டு தம்பி’ என்று எழுப்பி விடுவான். பெட்ரோலுக்கு வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போன வருடத்தில் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கினோம். பெட்ரோல் திரும்பி வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. விடியச் சுபஹு தொழுதுவிட்டு கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை மிதித்துப் போய், சீனி போடாத பிளேன்டீ ஒன்று குடித்து, ஊர் உலகத்தையெல்லாம் ஏசிவிட்டுத் திரும்பி வருவோம். ஆறு பேரில் நாலு பேருக்குச் சீனி வருத்தம். டொக்டர் சொன்னதைக் கேட்டு மிதிப்பதாக வீட்டில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் வீட்டை விட்டு வெளியே வர அது ஒரு சாட்டு.

போன ஓகஸ்டில் பென்ஷன் எடுத்த பள்ளிக்கூட அதிபருக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். கழுத்தில் விசில் ஒன்று தொங்கும். ‘இப்பிடி அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் எவ்வளவு காலத்துக்குப் போற வாற? ஒரு நெடும் பயணம் போவம்’ என்றார். லொறியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு அம்பாந்தோட்டைக்குப் போவது, அங்கிருந்து நாலு நாளில் மிதித்து ஊர் வந்து சேர்வது என்று திட்டம். ஏன் இங்கிருந்தே மிதிக்கவில்லை என்றால், ஊரிலிருந்து புறப்பட்டால் நிந்தவூர் தாண்டுவதற்குள் ஒருத்தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவான் என்று அதிபருக்குத் தெரியும். முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்திய மனிசன். வீட்டைப் பார்த்து மிதித்தால் திரும்ப இடமில்லை.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது எங்களில் ஒருவரான தையல் கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். ஐந்து பேர் ஆகிப்போனோம்.

‘மருமகன் வரட்டும்’ என்றாள் என் மனிசி.

‘எந்த மருமகன்?’

‘உங்களுக்கு எத்தின மருமகன் இரிக்கி? ஒரு மகள், ஒரு மருமகன். உங்கட சீனிக்குத் துணைக்கு ஆள் வேணும். நான் அவரிட்டக் கேட்டாச்சு, ஓம் எண்டுட்டார்.’

அவள் சீனியைச் சொன்னாள். காரணம் சீனி இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மருமகனுக்குக் கட்டாரில் வயரிங் வேலை சரிவந்திருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். நாங்கள் பயணம் முடித்து வந்து அடுத்த கிழமை அவர் பறக்க வேண்டும். காவின் எழுதி, கல்யாணம் முடிந்து ஒன்பது மாதம்தான். இங்கே அவருக்கு வேலை இல்லாமலும் இல்லை. ஊரில் பாதி வீட்டு வயரிங் அவர் கைதான். பிறகு ஏன் போகிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. மகள் கேட்டால் ‘ரெண்டு வருஷம்தானே’ என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவாராம். பிள்ளை அழுது அழுது முகம் வீங்கித் திரிந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு பத்தி எரிந்தது.

‘நீங்க ஒரு வார்த்த சொன்னா அவர் நிப்பார்’ என்றாள் மனிசி.

‘நான் எப்பிடிச் சொல்லுற? ஒரு நாளாவது நேருக்கு நேர் கதைச்சிரிக்கனா?’

‘அதுக்குத்தானே நாலு நாள் ஒண்டா அனுப்புறன். கதைச்சிட்டு வாங்க.’

கதைச்சிட்டு வாங்க. சொல்வது சுகம். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். என்னுடைய ஹாட்வெயார் கடையில் ஆணி வாங்க வந்தவன் எத்தனை இஞ்சி என்று தெரியாமல் தலையைச் சொறிந்தால் ஏசிவிடுவேன். ஏச்சு வாங்கினவன் அடுத்த நாளும் வருவான், அது வேறு கதை. ஆனால் மருமகன் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். இப்போது மாமாவும் மருமகனும் ஒன்றாகக் கிரிக்கெட் பார்க்கிற வீடெல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டு வழக்கம் பழையது. என் மாமாவோடு நான் கதைத்த வசனங்களை எண்ணினால் இரண்டு கை விரலுக்குள் அடங்கும். அது வெறுப்பு இல்லை, மரியாதை. சொல்ல வேண்டியதை மனிசியிடம் சொன்னால் அவள் மகளிடம் சொல்வாள், மகள் மாப்பிள்ளையிடம் சொல்வாள். பதில் அதே வழியில் திரும்பி வரும். காவின் அன்று அவர் கையைப் பிடித்து, மகளை ஒப்புக்கொடுக்கிற வார்த்தைகளைச் சொன்னேனே, அதுதான் நான் அவரிடம் நேராகச் சொன்னது.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிள்ளை பிறந்தால் வாப்பா வீடு கட்டத் தொடங்கிவிடுவார். மகள் பிறந்த வருடமே நான் அத்திவாரம் போட்டேன். சுனாமியில் கடல் வந்து ஒரு பக்கச் சுவரைக் கொண்டுபோனது, திரும்பவும் கட்டினேன். கல்யாணத்தோடு வீடு மகளுக்கு. நானும் மனிசியும் பின்வளவில் சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு அறைக்குப் போய்விட்டோம். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. அதனால் போக வர நான் பின் கேட்டைத்தான் பாவிப்பேன். மாப்பிள்ளை முன் ஹோலில் டீவி பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் போகவே மாட்டேன், குசினிப் பக்கமாகச் சுற்றிக்கொள்வேன். போகத்தான் வேண்டும் என்றால் செருப்பைத் தேய்த்து, இரண்டு தரம் இருமிவிட்டுப் போவேன். புது மாப்பிள்ளை கூச்சமில்லாமல் காலை நீட்டிக்கொண்டு இருக்கட்டும் என்றுதான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

முதல் நாள் அம்பாந்தோட்டையில் சைக்கிள்களை இறக்கிவிட்டு, லொறிக்காரனுடைய டிரைவர் லொறியைத் திருப்பிக்கொண்டு போனான். அதிபர் விசில் ஊதினார். வெல்லவாய வரைக்கும் அன்றைய ஓட்டம். வெயில் என்றால் வெயில், அல்லாஹ்வே, றோட்டிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. மருமகன் எனக்குப் பின்னாலேயே வந்தார். முன்னால் போகச் சொல்லி எத்தனை தரம் கையைக் காட்டினாலும் முந்த மாட்டார். அவருடைய செயினில் கீச் கீச் என்று ஒரு சத்தம். எனக்குச் சத்தம் பிடிக்காது. பத்து மைல் பொறுத்தேன். மறுகா எனக்கு முன்னால் போன லொறிக்காரனிடம் சொன்னேன், ‘மருமகன்ட செயினுக்கு எண்ணெ போடச் சொல்லு.’

லொறிக்காரன் எனக்கு முன்னால், மருமகன் எனக்குப் பின்னால். சொன்னது மருமகன் காதில்தான் முதலில் விழுந்தது. ஆனாலும் லொறிக்காரன் தலையைத் திருப்பி, ‘மகன், செயினுக்கு எண்ணெ போடுங்களாம்’ என்றான். ‘வெல்லவாயல போடுறன் எண்டு சொல்லுங்க’ என்றார் மருமகன். ‘வெல்லவாயல போடுறாராம்’ என்றான் லொறிக்காரன் எனக்கு. மற்ற இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒருத்தன் றோட்டை விட்டு இறங்கிப் புல்லுக்குள் போனான்.

மூன்று நாளும் இப்படித்தான் போனது. ‘மருமகன் தண்ணி குடிச்சாரா எண்டு கேளு.’ ‘மாமா மாத்திர போட்டாரா எண்டு கேளுங்க.’ வீட்டில் பெண்கள் எவ்வளவு பெரிய வேலை செய்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டாம் நாள் மொனராகலைப் பக்கம் ஏற்றம். எங்கள் கடற்கரையில் ஏற்றம் என்ற ஒரு சாமானே கிடையாது. இத்தனை வருடமாகச் சைக்கிளில் கியர் இருக்கிறது, அதை எதற்கு வைத்திருக்கிறான் என்று யோசித்ததும் இல்லை. அதிபர் ‘கியரக் குறைங்க, கியரக் குறைங்க’ என்று கத்தினார். நான் தவறான பக்கம் மாற்றி, சைக்கிள் அசையாமல் நின்று, இறங்கித் தள்ளத் தொடங்கினேன். மூச்சு முட்டியது. பின்னால் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. பார்த்தால், மருமகன் ஒரு கையால் தன்னுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை என்னுடைய கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். வேர்த்துக் கொட்டுகிறது அவருக்கும்.

‘தள்ள வேணாம் எண்டு சொல்லு’ என்றேன் லொறிக்காரனிடம்.

‘தள்ளினாத் தள்ளட்டும் எண்டு நான் சொல்றன்’ என்றான் அவன். அவனுக்கே மூச்சு வாங்கியது.

அன்று அந்த ஏற்றம் முழுக்க அவர் தள்ளினார். நான் ஒரு நன்றி சொல்லவில்லை. யாரிடம் சொல்லி அனுப்புவது? இப்படிப்பட்ட பிள்ளை நம்மை விட்டுப் போகப் போகிறதே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். சியம்பலாண்டுவையில் தங்கினோம். அங்கே வைத்துக் கதைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் கால் கழுவிவிட்டு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். நான் எதிர் வாங்கில். சொண்டைத் திறந்தேன். ‘நாளைக்கு லாகுகல றோட்டுல யான நிக்குமாம்’ என்று என் பக்கத்தில் இருந்த அதிபரிடம் சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

யானை நின்றதும் உண்மை. லாகுகலையில் குளத்துப் பக்கம் றோட்டோரமாக ஒற்றை யானை. பஸ், வேன், நாங்கள் எல்லாரும் அது போகும் வரைக்கும் நின்றோம். அது காதை ஆட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துக்கொண்டு, புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிக் காலில் தட்டித் தின்றது. அவசரமே இல்லை. அந்த நேரம் பூராவும் மருமகன் எனக்கு முன்னால் குறுக்காக நின்றார். மூன்று நாளில் அவர் எனக்கு முன்னால் வந்தது அந்த ஒரு தரம்தான். யானை வந்தால் இந்த ஒல்லிப் பொடியன் என்னத்தைச் செய்யப் போகிறார்? ஆனாலும் நின்றார்.

அறுகம்பேயில் கடல் குளிக்கப் போகலாம் என்று ஆசைப்பட்டோம். பாலத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரி ஒருத்தி சைக்கிளில் வந்து, எங்களுக்குக் கையைக் காட்டிவிட்டு முந்திப் போனாள். அதிபர் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

பொத்துவிலில் லொறிக்காரனுடைய சொந்தக்காரர் வீட்டில் பகல் சாப்பாடு. ஆறு பேர் என்றதும் அவர்கள் வேறு யோசிக்கவே இல்லை, ஒரு சஹன் போட்டுவிட்டார்கள். மருமகனோடு ஒரே மேசையில்கூட நான் சாப்பிட்டதில்லை. அவர் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் எனக்கு மனிசி சோறு போடுவாள். இப்போது ஒரே தட்டு, முழங்காலோடு முழங்கால். எனக்கு நேரே அவர். இரண்டு பேரும் சோற்றைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. சஹனில் அவரவர் பக்கத்தைத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் நல்ல இறைச்சித் துண்டு கிடைத்தால் மற்றவர் பக்கம் தள்ளி விடுவது எங்கள் பழக்கம். ஒரு நல்ல துண்டை நான் மெதுவாக அவர் பக்கம் தள்ளினேன். அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு எடுத்துச் சாப்பிட்டார். அல்ஹம்துலில்லாஹ், அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்ல.

பிறகு இனிப்புக்கு வட்டிலாப்பம் வந்தது. நான் கையை நீட்டினேன். மருமகன் அந்தக் கோப்பையை எடுத்து அதிபர் பக்கம் வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ‘ஒரு கரண்டி தின்னா ஆள் மௌத்தாப் போறல்ல எண்டு சொல்லு!’ என்று லொறிக்காரனிடம் கத்தினேன். ‘காலையில பாத்த சீனிக்கு ஒரு கரண்டியும் ஏலாதெண்டு சொல்லுங்க’ என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டே. மூன்று நாளும் காலையில் என் விரலில் குத்தி அந்த மெஷினில் பார்த்தது அவர்தான். எழுதியும் வைத்திருந்தார். வட்டிலாப்பம் போனது போனதுதான்.

நாலாம் நாள், கடைசி நாள். பொத்துவிலிலிருந்து வீடு வரைக்கும் கடற்கரை றோட்டு, தெரிந்த றோட்டு. புறப்படும்போது லொறிக்காரனிடம் ‘மருமகன் டயருக்குக் காத்துப் பாத்தாரா எண்டு கேளு’ என்றேன்.

அவன் சைக்கிளை நிப்பாட்டினான். ‘டேய், நான் என்ன போஸ்ட் ஒபிஸா? மூணு நாளா ஒரு முத்திர கூட ஒட்டாம வேல செய்றன். இண்டையோட போஸ்ட் ஒபிஸ் பூட்டியாச்சு. உனக்கு மருமகன்ட்டக் கதைக்க இரிக்கிறது ஊருக்கே தெரியும். நீயே கதை.’ சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டான். மற்றவர்களும் அவன் பின்னால் போய்விட்டார்கள். இது எல்லாரும் கூடிச் செய்த சதி என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

நானும் மருமகனும் தனியாக மிதித்தோம். நான் முன்னால், அவர் பின்னால். கோமாரிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், வீடு வாசல் இல்லாத இடத்தில், என்னுடைய பின் டயர் புஸ்ஸென்று போனது.

அவர் இறங்கினார். என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கழற்றி, டியூபை வெளியே எடுத்தார். காற்றடித்து, டியூபை உதட்டுக்குக் கிட்டப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஓட்டையைத் தேடினார். நான் மதகுக் கட்டில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஆள் இல்லை. மனிசி இல்லை, மகள் இல்லை, லொறிக்காரன் இல்லை. ஒரு மாடு மட்டும் தூரத்தில் நின்றது.

வேறு வழி இல்லாமல் நான் அந்த டியூபைப் பார்த்துச் சொன்னேன், ‘வெளிநாடு போற ஆக்களுக்கு என்ன, சுகம்தான்.’

அவர் அரத்தாளால் டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ‘எல்லாரும் சுகத்துக்குப் போறல்ல’ என்றார். அவரும் டியூபைப் பார்த்துத்தான்.

‘வீட்ட ஒரு பிள்ள அழுது அழுது முகம் வீங்கிப் போயிரிக்கி.’

‘தெரியும்.’

‘தெரிஞ்சும் போறதெண்டா கல்லு மனசுதான் வேணும்.’

அவர் பசையைப் பூசினார். அது காய வேண்டும் என்று ஊதினார். நான் சொன்னது கூடிவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

‘மாமா, ஒண்டு கேக்கட்டா?’

‘கேளுங்க.’

‘நீங்க ஏன் பின் கேட்டால போறீங்க?’

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘எந்தப் பின் கேட்?’

‘வீட்டுப் பின் கேட். நான் வந்த நாளில இருந்து பாக்கிறன். அது நீங்க கட்டின வீடு. நான் டீவியப் போட்டா நீங்க குசினிப் பக்கமாச் சுத்திப் போறீங்க. வந்தாலும் இருமிட்டு வாறீங்க, வேற வீட்டுக்கு வாற ஆள் மாதிரி. முதல்ல, என்னப் பிடிக்கல்லயாக்கும் எண்டு நினைச்சன். மறுகாத்தான் யோசிச்சன், இந்த மனிசனுக்கு என்னால வீடு இல்லாமப் போயிட்டு எண்டு.’ அவர் குரல் உடைந்தது. ‘முன் கதவால போய் வர எனக்கு வெக்கமா இரிக்கி மாமா. ரெண்டு வருஷம் கட்டார்ல நிண்டா எங்கயாவது சின்னதா ஒரு வீடு போட்டுருவன். நாங்க அங்க போறம். உங்கட வீடு உங்களுக்கு.’

யா அல்லாஹ்! ஒன்பது மாதம் நான் செருப்பைத் தேய்த்ததும் இருமினதும் இதற்குத்தானா? அவர் கால் நீட்டி இருக்கட்டும் என்று நான் ஒதுங்கினேன். நான் ஒதுங்க ஒதுங்க அவர் காலை மடக்கிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், எனக்கு எதற்கும் முதலில் வருவது அதுதான்.

‘வீட்டத் திருப்பித் தாறதுக்கு அது என்ன இரவல் வாங்கின மம்பட்டியா?’ என்று கத்தினேன். தூரத்தில் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. ‘என்னயா நீங்க துரத்தின? என்னத் துரத்த ஊருல ஆள் இரிக்கா? நான் வழி விட்டன் மகன்! உங்களுக்கு வழி விட்டன். உங்கட வீட்டுல நீங்க ராசா மாதிரி இரிக்கணும் எண்டுதான் ஒதுங்கின. எங்க வாப்பாவும் இப்பிடித்தான் ஒதுங்கினார், என்ட மாமாவும் இப்பிடித்தான் ஒதுங்கினார். எங்களுக்கு வேற மாதிரி அன்பு காட்டத் தெரியாது.’

அவர் கையில் டியூப் அப்படியே இருந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க ஏலாது என்று தெரியும்.

‘பின் அறையில படுத்துக்கிட்டு, முன் ஹோல்ல நீங்க பாக்கிற டீவிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இரிக்கிறது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? கிரிக்கெட்டுல நீங்க கத்தினா, யாரோ அவுட் எண்டு நானும் மனிசிட்டச் சொல்லுவன். மனிசியும் மகளும் நானும் மட்டும் இருந்த வீடு அது. ஒரு ஆம்பிளப் பிள்ள சத்தம் எனக்கு இல்லாம இருந்த. போகாதீங்க. மகளுக்காகச் சொல்லல்ல, அவ அவவுக்குச் சொல்லுவா. எனக்காகச் சொல்றன். போகாதீங்க மகன்.’

இதைச் சொல்லி முடித்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. கடைக்கு வருகிறவன் யாராவது பார்த்திருந்தால் அடுத்த நாளிலிருந்து எனக்குப் பயப்பட மாட்டான்.

மருமகன் ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தினார். வெகு நேரம் அழுத்தினார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது. ‘பாஸ்போர்ட் ஏஜென்சில குடுத்தாச்சு மாமா. விசாவும் அடிச்சாச்சு’ என்றார். பிறகு சில்லைப் பூட்டினார், காற்றடித்தார், விரலால் அமத்திப் பார்த்தார். ‘காத்துப் போதும்’ என்றார். நாங்கள் ஏறி மிதித்தோம்.

திருக்கோவில் தாண்டி தம்பிலுவிலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் மற்றவர்கள் எங்களுக்காக நின்றார்கள். சிறுபோக அறுவடை நேரம். றோட்டின் பாதியில் நெல்லைப் பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள். சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி ‘எங்க போயிட்டு வாறீங்க?’ என்று கேட்டு, அம்பாந்தோட்டை என்றதும் ‘ஏன், பஸ் ஓடல்லயா?’ என்றாள்.

லொறிக்காரன் என்னை ஒதுக்கி, ‘கதைச்சியா?’ என்று கேட்டான்.

‘கதைச்சன்.’

‘என்ன சொன்னார்?’

‘காத்துப் போதுமாம்.’

அவன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். வேறு கேட்கவில்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்தது.

அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மற்ற நாளாக இருந்தால் எனக்கு வீடு கிட்டக் கிட்டச் சந்தோசம் கூடும். அன்று ஒவ்வொரு மைல் கல்லும் எனக்கு ஒரு அடி. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் பிந்திச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை விசா அடித்த பிறகு சொல்லியிருக்கிறேன். காரைதீவுச் சந்தியில் மருமகன் சடாரென்று என்னை முந்தினார். பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எழும்பி நின்று மிதித்துக்கொண்டு, பஸ் ஒன்றுக்கும் லொறி ஒன்றுக்கும் நடுவால் போய் மறைந்துவிட்டார்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மனிசியும் மகளும் வாசலில் நின்றார்கள்.

‘அவர் எங்க வாப்பா?’ என்றாள் மகள்.

‘எனக்கு முன்னால வந்தாரே.’

‘வரல்லயே.’

மகள் போன் எடுத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மனிசி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு யானை எவ்வளவோ நல்லது. ‘என்ன சொன்னீங்க அவரிட்ட? ஏசினீங்களா?’ என்றாள். ‘ஏசல்ல’ என்றேன். மம்பட்டியும் கத்தினதும் ஞாபகம் வந்தது. ‘கொஞ்சம் சத்தம் போட்டன்’ என்றேன். மகள் உள்ளே போய்க் கட்டிலில் விழுந்தாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு அவருடைய உம்மா வீட்டுக்குப் போய்விட்டால், அது லேசான விசயம் இல்லை. இரண்டு குடும்பமும் கூடி, பள்ளிவாசலில் இருந்தும் ஆள் வந்துதான் திருப்பிக் கூட்டி வர வேண்டும். உம்மா வீட்டிலிருந்தே கட்டாருக்குப் போய்விடுவாரோ என்று நினைத்தேன். கதிரையில் உட்கார்ந்தவன் உட்கார்ந்ததுதான், சப்பாத்தைக் கழற்றவும் பலம் இல்லை. நாலு நாள் மிதித்த களைப்பு அப்போதுதான் ஒன்றாக வந்து காலில் இறங்கியது. நான்தான் கெடுத்தேன், சும்மா இருந்திருந்தால் ஒழுங்காகப் பயணம் சொல்லிவிட்டாவது போயிருப்பார் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

பின்னேரம் அசருக்குப் பாங்கு சொன்னார்கள். இருந்த இடத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் வளவுக்குள், எண்ணெய் போட்டும் அடங்காத அந்தக் கீச் கீச் சத்தம் கேட்டது. மருமகன் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். சட்டை உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது. மனிசி கதவடியில் நின்றாள், மகள் அறையை விட்டு ஓடி வந்தாள். அவர் இரண்டு பேரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேரே என்னிடம் வந்தார்.

‘ஏஜென்சியப் பூட்டிருவாங்க எண்டுதான் ஓடின மாமா. கோவிக்காதீங்க’ என்றார். சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் வைத்தார். அதுவும் வேர்வையில் நனைந்திருந்தது. ‘இத நீங்க வெச்சிரிங்க.’

மகளுடைய கையில் கொடுக்கவில்லை, மனிசியிடம் கொடுத்து அனுப்பவில்லை. என் கையில் வைத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஊரையே ஏசுகிற இந்த வாயில் கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

‘சாப்பிட்டீங்களா மகன்?’

‘இல்ல மாமா’ என்றார். ‘பசிக்குது.’